அம்மாவும் என் வீட்டு நோட்டும்: செட்டிநாட்டில் நாலு நாள்

முதல் நாள்: காரைக்குடி

நேற்று இரவு பல்லவன் ரயிலில் வந்து இறங்கி, ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டோம். நாங்கள் என்றால் நானும் அம்மாவும். அம்மாவுக்கு எழுபத்தொன்று. முட்டி வலி உண்டு. வெளியூர் என்றால் மட்டும் அந்த வலி கொஞ்சம் அடங்கிக்கொள்ளும்.

ஏன் காரைக்குடி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்தது, இப்போது ஐந்தாவது நோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுக்க வீட்டுப் படம். பிளான் என்று சொன்னால் என்ஜினீயர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் படம். நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், ஊஞ்சல், தெருவைப் பார்த்த திண்ணை, மழை பெய்தால் காலை நீட்டி உட்கார ஒரு ஜன்னல் மேடை. இருக்கிற வாடகை வீட்டில் எது இல்லையோ அது படத்தில் பெரிதாக வந்துவிடும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய இரண்டு வருடம் நான் வரைந்த வீடுகளில் எல்லாம் இரண்டு கிணறு இருக்கும். ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொன்ன வீட்டில் இருந்தபோது வரைந்த ஹாலில் சுவரே தெரியாது, அவ்வளவு படம் மாட்டியிருக்கிறேன்.

அம்மா இதுவரை பன்னிரண்டு வாடகை வீடு பார்த்துவிட்டாள். அதில் ஒன்பதில் நானும் இருந்திருக்கிறேன். இப்போது சென்னையில், நங்கநல்லூரில் இருக்கிறோம். சொந்த வீடு என்ற பேச்சு எங்கள் வீட்டில் எப்போதும் அடுத்த வருடத்தில்தான் இருக்கும்.

என் நோட்டில் இருக்கிற தூண் எல்லாம் செட்டிநாட்டுத் தூண். காலண்டரிலும் சினிமாவிலும் பார்த்து வரைந்தது. கனவு வீடு என்று யாரைக் கேட்டாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு காரைக்குடிப் பக்கம் வந்துவிடுகிறது. சரி, ஒருமுறை நேரில் போய் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். அம்மா பிள்ளையார்பட்டிக்காக வந்தாள். அங்கே காலையிலேயே போய் வந்துவிட்டோம்.

வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு, ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்த்தோம். நான் போட்டோ எடுத்தேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இத்தனையும் சாயங்காலம் யாரு சாத்துறது? கொசு வராதா?"

மத்தியானத்துக்கு மேல் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகளுக்குப் பேர்போன தெரு. நிலைக்கதவுகள் சுவரில் சாய்த்து வைத்திருக்கின்றன. தேக்குத் தூண்களைக் கரும்பு போலக் கட்டி ஓரமாக நிறுத்தியிருக்கிறார்கள். எனாமல் தூக்குகள், மரவை என்கிற மரப் பாத்திரங்கள், கண்ணாடி ஓவியங்கள், யாருடைய தாத்தாவோ கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருக்கும் போட்டோ. ஒரு ஜோடித் தூணுக்குக் கடைக்காரர் சொன்ன விலையில் நங்கநல்லூரில் ஒரு வருட வாடகை கொடுத்துவிடலாம். "ஒரு வீட்டைப் பிரிச்சா ஆறு மாசத்துக்குச் சரக்கும்மா" என்றார். இடிப்பது என்று சொல்லவில்லை. பிரிப்பது. பந்தலைப் பிரிப்பது மாதிரி.

நான் ஒரு எனாமல் தூக்கை எடுத்தேன். நீலமும் வெள்ளையுமாக, விளிம்பில் மட்டும் கொஞ்சம் பொத்து உதிர்ந்திருந்தது. மூடியில் ஏதோ எழுத்து. கடைக்காரர் அதை விலாசம் என்றார். இந்தப் பக்கத்தில் விலாசம் என்றால் அட்ரஸ் மட்டும் இல்லை. தாத்தா பெயர், அப்பா பெயர் என்று முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்கிற குடும்ப அடையாளமும் விலாசம்தான். கல்யாணச் சீராக வந்த சாமானில் எல்லாம் அதைப் போட்டிருப்பார்கள்.

அம்மா என் கையிலிருந்து வாங்கி, எழுத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். "பேர் வெட்டின பாத்திரம். வேண்டாம்."

எங்கள் வீட்டு எவர்சில்வர் எல்லாவற்றிலும் அம்மாவின் எழுத்து இருக்கிறது. ச.ரா., அதற்குக் கீழே தேதி. பாத்திரம் வாங்கினால் கடையிலேயே நின்று வெட்டி வாங்கிக்கொண்டுதான் வருவாள். அதில் ஒரு பால் பாத்திரம் உண்டு. பன்னிரண்டு வீட்டிலும் முதல் நாள் அதில்தான் பால் காய்ச்சினாள். லாரி வந்து கட்டில், பீரோ இறங்குவதற்கு முன்னால் அது ஒரு பையில் தனியாக எங்களோடு ஆட்டோவில் போகும்.

தூக்கை வாங்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாம் நாள்: கானாடுகாத்தான்

பஸ்ஸில் அரை மணி நேரம். இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தெரு. நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. ஒரு வீட்டுக்கு முன்வாசல் இந்தத் தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். வீடு வீடாக எண்ணிக்கொண்டு நடப்பது சாத்தியமில்லை, ஒரு வீட்டைத் தாண்டவே அம்மாவுக்கு இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மேலே சுதைச் சிற்பத்தில் கஜலட்சுமி, பக்கத்தில் துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய், கீழே பூட்டு. அடுத்த வீட்டிலும் லட்சுமி, பூட்டு.

ராஜா அண்ணாமலை செட்டியாரின் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். பெரிது. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அரண்மனை என் நோட்டில் கிடையாது.

என்னோடு வேலை பார்ப்பவரின் பங்காளி வீடு ஒன்று இங்கே இருக்கிறது. அவர் முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆச்சி இருக்கிறார், எண்பது தாண்டியவர். வெள்ளைச் சேலை, காதில் வைரத் தோடு, காலில் ரப்பர் செருப்பு. "வாங்க, வாங்க. வெயில்ல நடந்தா வந்திய?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார்.

முகப்பில் நின்று உள்ளே பார்த்தேன். வாசல், அதற்குள் ஒரு வாசல், அதற்குள் இன்னொன்று. கடைசி வாசலுக்கு அந்தப் பக்கம், தபால் தலை அளவுக்கு ஒரு முருங்கை மரம். அடுத்த தெருவிலிருந்து வருகிற வெளிச்சம்.

முகப்புத் தாண்டினால் பட்டாலை, தொழில் பேச வருகிறவர்கள் உட்காரும் இடம். அதற்கப்புறம் வளவு. நான் முப்பது வருடமாக வரைந்துகொண்டிருக்கிற முற்றமும் தூண்களும் அங்கேதான் இருந்தன. தூணைத் தொட்டேன். பர்மாத் தேக்கு. நான் நினைத்ததைவிட வழவழப்பு, நான் வரைந்ததைவிடப் பருமன். சுவரில் கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. சுண்ணாம்பை நைசாக அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, பூச்சின் மேல் பூச்சாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. பெயின்டே அடித்ததில்லை என்றார் ஆச்சி. கன்னத்தை வைத்துப் பார்த்தேன், அம்மா பார்க்காத நேரத்தில்.

இந்தத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்த காசு எங்கிருந்து என்பது தெரிந்த கதைதான். பர்மா, இலங்கை, மலேயா. வட்டித் தொழில். அதை "கொண்டுவிக்கப் போறது" என்பார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. ஆண்கள் கப்பலேறிப் போவார்கள், கணக்கு முடிந்ததும் வருவார்கள், கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி போவார்கள். பெண்களும் பிள்ளைகளும் இங்கே. 1930-களில் நெல் விலை விழுந்து பர்மாவில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, அந்தப் பத்தாண்டு முடிகிறபோது கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்தது. அப்புறம் 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். போர் முடிந்து 1948-இல் பர்மாவுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் நிலமும் போயிற்று. "எங்க மாமனார் பர்மாவுலேருந்து நடந்தே வந்தாக" என்றார் ஆச்சி. "அதைப் பத்திப் பேசவே மாட்டாக. செருப்பு மட்டும் எப்பவும் ரெண்டு ஜோடி வச்சிருப்பாக."

ஆக, இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவர்கள் இதில் இருந்த நாட்கள் குறைவு. எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர்களும் ரங்கூனில் எங்கேயோ கடைக்கு மேலே ஒரு சின்ன இடத்தில் படுத்துக்கொண்டு இந்த வளவை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். நான் நங்கநல்லூரில் படுத்துக்கொண்டு நினைக்கிற மாதிரி.

வளவைச் சுற்றி அறைகள். எட்டு எண்ணினேன். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஆளுக்கொரு அறை. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியிலிருந்து வீட்டுப் பங்கு வரைக்கும் புள்ளிக் கணக்குத்தான். இப்போது எட்டு அறைக்கும் எட்டுப் பூட்டு. சாவிகள் சென்னை, கோவை, கோலாலம்பூர் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பங்கு எத்தனையாகப் பிரிந்திருக்கிறது என்று கேட்டேன். ஆச்சி விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். விற்க வேண்டுமானாலும் ஓட்டை மாற்ற வேண்டுமானாலும் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, யாரும் சரி என்றும் சொல்வதில்லை, அதற்குள் ஓடு இறங்கிவிடுகிறது. நேற்றுப் பார்த்த தூண்கள் கடைக்கு வந்த வழி இதுதான்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் இருந்தால் மழை ஒழுகாது என்று ஒன்றும் இல்லை.

"நீங்க எந்த அறை ஆச்சி?" என்று அம்மா கேட்டாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இரண்டாங்கட்டைத் தாண்டிக் கூட்டிப் போனார். பத்துக்குப் பத்து ஒரு அறை. இரும்புக் கட்டில், டிவி, ஃப்ரிட்ஜ், மேலே ஒரு சின்ன ஃபேன். வெளித் தாழ்வாரத்தில் தடுப்புக் கட்டி கேஸ் அடுப்பு, அதன் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டி, கொடியில் ஒரு துண்டு. அங்கே வந்ததும் ஆச்சியின் நடையே மாறிவிட்டது. வளவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் இங்கே எதையும் பிடிக்காமல் திரும்பினார், குனிந்தார், பார்க்காமலே கைநீட்டி டம்ளரை எடுத்தார். காப்பி போட்டார்.

காப்பியோடு பேச்சு வளர்ந்தது. அம்மா கேட்கக் கேட்க அவர் சொன்னது "வேறு வைக்கிறது" பற்றி. எனக்கு இது புதிது. இந்த வீடுகளில் பெரிய கூட்டுக் குடும்பம் ஒரே பந்தியில் சாப்பிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் புதுத் தம்பதியை வேறு வைத்துவிடுவார்கள். அதே வீடுதான், அதே வளவுதான், ஆனால் தனி அடுப்பு. வருஷத்துக்கு இவ்வளவு என்று நெல், புளி, மிளகாய், விறகு எல்லாம் கணக்காக அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். விசேஷம் என்றால் பொதுச் சமையல். மற்ற நாளில் அவரவர் உலை அவரவர் அடுப்பில்.

"மாமியாவும் ஒரே கூரைதான். ஆனா நான் என்ன கொழம்பு வைக்கிறேன்னு யாரும் கேக்க முடியாது பாத்துக்கங்க" என்றார் ஆச்சி. அம்மா இதைக் கேட்டு முகம் மலர்ந்ததைப் போட்டோ எடுத்திருக்க வேண்டும். பாட்டி வீட்டில் அம்மா பட்டது ஒரு தனிக் கதை, அதை இங்கே எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

யோசித்துப் பார்த்தால், முன்கட்டு முழுக்க வருகிறவர்களுக்கு. பட்டாலை தொழிலுக்கு, வளவு கல்யாணத்துக்கு, படைப்புக்கு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்கிற இரண்டையும் ஒரே செலவில் முடித்த மாதிரி. குடியிருந்தது பின்னால், அடுப்புப் பக்கத்தில், ஆளுக்குப் பத்தடியில்.

படைப்பு என்றால் பங்காளிகள் எல்லாரும் கூடி முன்னோர்களுக்குப் படைக்கிறது. அப்போது வீடு நிறைந்துவிடுமே, உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்றேன். ஆச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வருவாக. நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்குத் தூக்கம் வராது. எதையாவது இடம் மாத்தி வச்சுட்டுப் போயிருவாக. எப்படா கெளம்புவாகன்னு இருக்கும்."

திரும்பி பஸ்ஸில் வரும்போது, இவ்வளவு பெரிய வீடு காலியாகக் கிடக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் நாள்: ஆத்தங்குடி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இரவு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் நிறுத்தச் சொன்னாள். "ஆச்சி இருக்காங்க. காப்பி போட்டுக் குடுத்தாங்க. காலின்னு எழுதுறியே?" அப்புறம், "அந்த ரூம் நம்ம ஹாலைவிடச் சின்னது, அடி வச்சுப் பாத்தேன்" என்றாள். சரி, காலி வீடு இல்லை.

ஆத்தங்குடிப் பெரிய வீட்டைப் பார்த்தோம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். வண்ணம் தீட்டிய மரக் கூரை, பளபளக்கும் தரை, வரிசையாகத் தூண்கள். அழகுதான். சினிமாவில் பார்த்த இடங்களைக் கண்டுபிடிப்பதில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள். முந்தாநாளாக இருந்தால் நானும் வாயைப் பிளந்திருப்பேன். இன்று, அடுப்படி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து டைல்ஸ் போடும் பட்டறை ஒன்றுக்குப் போனோம். பட்டறை என்றால் தகரக் கூரை போட்ட கொட்டகை, ஏழெட்டுப் பேர், தண்ணீர்த் தொட்டிகள். மெஷின் சத்தமே இல்லை.

செய்கிற விதம் இப்படி. கீழே ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவில் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் கரண்டியால் கலர் சிமெண்டுக் கூழை ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஊற்றி முடித்ததும் அச்சை நேராக மேலே தூக்கிவிடுகிறார். கை ஒரு இழை ஆடினாலும் பூ கலங்கிவிடும். அவர் பேசிக்கொண்டே தூக்கினார். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையை அப்பிக் கரண்டியால் இழுத்து மட்டம் செய்கிறார். முடிந்தது. சூளை கிடையாது. காய்ந்ததும் சில நாள் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். டைல்ஸின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். அப்புறம் அந்த வீட்டுக்காரர்கள் நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து ஏற்றுகிற பளபளப்பு.

பூ அடியில் இருக்கிறது, முதுகுதான் மேலே பார்த்திருக்கிறது. அதனால் வேலை செய்யும்போது அவர் பூவைப் பார்ப்பதே இல்லை.

"எத்தனை சதுரஅடி வேணும்?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நோட்டில் மட்டும் இரண்டாயிரத்து நானூறு சதுரஅடி இருக்கிறது. "சும்மா பாக்க வந்தோம்" என்றேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் குடுப்பீங்களா தம்பி? குக்கரை இறக்கி வைக்க."

அவர் சிரித்துவிட்டார். மூலையில் கிடந்த ஒற்றை டைல்ஸ்களைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா கால் மணி நேரம் தேர்ந்தெடுத்தாள். சிவப்பு ஓரம், நடுவில் எட்டு இதழ்ப் பூ, ஒரு முனையில் லேசாகப் பொத்தது. காசு வேண்டாம் என்றார். அம்மா விடவில்லை, கொடுத்துவிட்டுத்தான் எடுத்தாள்.

நான் ஆட்டோவைப் பார்க்க வெளியே போய்த் திரும்பி வந்தபோது, அம்மா அவர் பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அப்போதுதான் மட்டம் செய்து முடித்த ஒரு டைல்ஸ், முதுகு இன்னும் ஈரமாக. அம்மா கையில் ஒரு ஆணி. ச.ரா. என்று எழுதி முடித்து, கீழே தேதி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கீழ போயிரும்மா, கலவையில. யாருக்கும் தெரியாது" என்றார் அவர்.

"தெரிய வேண்டாம்" என்றாள் அம்மா.

எங்கே போகிற சரக்கு என்று விசாரித்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ புது வீடு கட்டுகிறார்களாம்.

நான்காம் நாள்: ரயிலில்

விடிகாலைப் பல்லவன். திருச்சி தாண்டியாயிற்று. டைல்ஸைத் தினத்தந்தியில் சுற்றி, அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். மேலே வைக்கலாம் என்றால் கேட்கவில்லை, பிரேக் போட்டால் யார் தலையிலாவது விழுமாம்.

நேற்று இரவு நோட்டை எடுத்தேன். ஆச்சியின் அறையை வரைந்து பார்த்தேன். கட்டில், அடுப்பு, அஞ்சறைப் பெட்டி, துண்டுக்கொடி. ஒரு பக்கத்தில் கால்வாசி கூட வரவில்லை. மீதி இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் ஒரு முற்றம் போட்டேன். முப்பது வருடப் பழக்கம். எட்டுத் தூண் வேண்டாம் என்று நாலாகக் குறைத்தேன். ஊஞ்சல் இருக்கட்டும்.

நங்கநல்லூர் வீட்டு ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம், வீடு அவர்களுக்கே வேண்டுமாம். பதிமூன்றாவது வீடு தேட வேண்டும். பால் பாத்திரத்தோடு ஆட்டோவில் இனிமேல் இந்த டைல்ஸும் வரும்.

அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: "அந்தக் கோயம்புத்தூர்க்காரங்க அதை ஹால்ல போடுவாங்களா, சமையக்கட்டுல போடுவாங்களா?"

தெரியலையேம்மா என்றேன்.

"சமையக்கட்டுல போட்டா நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.